சரக்கு டேபிளை ஆட்டோவேக்கம் முதலில் கவனிக்க வழி உண்டா?

கேள்வி: பினாங்கு மளிகை

வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு மளிகை மொத்த வியாபாரத்தின் டேட்டாபேஸை நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் 15 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். சரக்கு இருப்பு டேபிளில் 18,000 ரெக்கார்டுகள்தான், ஆனால் பில் போடப் போட அப்டேட் விழுந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று கிளைகளின் இருப்பையும் ஒரு புரோகிராம் சரிபார்த்து எழுதும்.

போன ஞாயிறு இரவு பில், பில் விவரம், லாக் மூன்றிலும் பழைய கணக்கை அழித்தேன். பில் விவரத்தில் மட்டும் 60 மில்லியனில் 20 மில்லியன் போனது. செவ்வாய் காலை மார்க்கெட் ஸ்திரீட் கடையில் தீபாவளிக் கூட்டம். உளுந்து என்று தேடினால் நாலைந்து விநாடி ஆகிறது. கல்லாவில் இருக்கும் அக்கா போனில் அழாத குறை. போய்ப் பார்த்தால் மூன்று ஆட்டோவேக்கம் வொர்க்கர்களும் (அப்டேட், டிலீட்டால் மிஞ்சும் செத்த ரெக்கார்டுகளைத் தானாகத் துப்புரவு செய்பவை) அந்தப் பெரிய டேபிள்களிலேயே கிடக்கின்றன. சரக்கு டேபிளில் மூன்று இலட்சம் செத்த ரெக்கார்டுகள்! கையால் வேக்கம் கொடுத்து அன்றைக்குச் சமாளித்தேன்.

வொர்க்கரை ஆறாக உயர்த்தினால் போதுமா?

பதில்: செந்தூல்காரன்

அண்ணே, அது மட்டும் போதாது. 15இல் எந்த டேபிள் அவசரம் என்று ஆட்டோவேக்கம் எடைபோடாது. வரம்பைத் தாண்டியவற்றைப் பட்டியலில் வரும் வரிசைப்படியே செய்யும். உங்கள் சரக்கு டேபிளுக்கு வரம்பு 50 (திரெஷோல்ட்) கூட்டல் ரெக்கார்டுகளில் 20 சதவீதம் (ஸ்கேல் ஃபேக்டர்), அதாவது 3,650 செத்த ரெக்கார்டுகள். அதை எப்போதோ தாண்டியிருக்கும். எடுத்துச் செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

காஸ்ட் லிமிட் (இவ்வளவு வேலை ஆனதும் சற்று நிற்க வேண்டும் என்ற அளவு) 200 என்பது எல்லா வொர்க்கருக்கும் சேர்த்து. ஆறு பேரை வைத்தால் அதே 200ஐ ஆறாகப் பங்கு போட்டு, எல்லாரும் மெதுவாக நகர்வார்கள். ஆனால் ஒரு டேபிளுக்கென்று தனியாக காஸ்ட் டிலே (அப்படி நிற்கும் நேரம்) வைத்தால் அது இந்தப் பங்கீட்டில் சேராது. அதனால் வொர்க்கரை ஐந்தாக்குங்கள் (ரீஸ்டார்ட் வேண்டும்). சரக்கு டேபிளுக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டர் 0, திரெஷோல்ட் 1000, காஸ்ட் டிலே 0 கொடுங்கள். ஒரு ஆள் எப்போதும் காலியாக இருந்தால் அந்தச் சின்ன டேபிள் உடனே முடிந்துவிடும்.

பதில்: பட்டர்வொர்த்

என்னைக் கேட்டால் சிக்கல் ஞாயிறு இரவிலேயே ஆரம்பித்துவிட்டது. அழித்த கையோடு அந்த மூன்று டேபிள்களுக்கும் கையால் வேக்கம் கொடுத்திருக்க வேண்டும். கையால் கொடுத்தால் டிலே கிடையாது, கடை திறப்பதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்புறம் மெயின்டெனன்ஸ் வொர்க் மெம், அதாவது வேக்கம் பயன்படுத்தும் நினைவக அளவு. 64 எம்பியில் விட்டால் ஏறக்குறைய 11 மில்லியன் செத்த ரெக்கார்டுகள்தான் ஒரு தடவையில் அடங்கும். 20 மில்லியனுக்கு ஒவ்வொரு இண்டெக்ஸையும் இரண்டு முறை முழுக்கப் படித்திருக்கும். 512 எம்பி வையுங்கள்.

யாராவது ரிப்போர்ட் திரையை முடிக்காத டிரான்சாக்‌ஷனோடு திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்களா என்றும் பாருங்கள். அது மூடும்வரை வேக்கம் ஓடினாலும் அதற்குப் பின் செத்தவை போகாது.

பினாங்கு மளிகை

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கடை அடைத்ததும் ஐந்து வொர்க்கர் வைத்து ரீஸ்டார்ட் செய்தேன். சரக்கு டேபிளை வேக்கம் ஃபுல்லில் (டேபிளையே புதிதாக எழுதும் வகை) சுருக்கினேன், சில விநாடிதான். இன்று மதியம்வரை செத்தவை இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. ரிப்போர்ட் திரை விஷயமும் உண்மைதான், கணக்குப் பிரிவில் ஒன்று நேற்றுக் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை திறந்தே கிடந்தது. அதற்கு டைம்அவுட் வைக்கப்போகிறேன்.