புதுப்பிப்பு: ஒரே டம்ப்புக்கு ஓடிய டம்பர் லாரிகள்

கல் உடைக்கும் கிரஷர், தரம் குறைந்த கல்லைக் குவித்து வைக்க ஒரு ஸ்டாக்பைல், கழிவு மண்ணைக் கொட்ட இரண்டு டம்ப் என்று சுரங்கத் திட்ட மென்பொருளில் நான்கு சேருமிடங்கள் கொடுத்தும், கழிவு முழுவதும் வடக்கு டம்ப்புக்கே போகிறதே, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். (சுண்ணாம்புக்கல் சுரங்கம் அரியலூர் பக்கம், நான் கீழக்கரை வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்.) விடை கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

"சாலைக்கோட்டு முனையைப் பெரிதாக்கிப் பாருங்கண்ணே" என்று ஒரு தம்பி சொன்னார். பார்த்தால், மென்பொருள் வரைபடத்தில் தெற்கு டம்ப்புச் சாலை பிரதான சாலையைத் தொடவே இல்லை. 2 மீட்டர் இடைவெளி! சாதாரணமாகப் பார்த்தால் ஒட்டியது போலத்தான் தெரியும். பாம்பன் பாலத்தைத் தூக்கி வைத்துவிட்டு ராமேசுவரத்துக்கு ரயில் விடச் சொன்ன கதை. முனையை ஒட்டவைத்ததும் பாதை உயிர் பெற்றது.

அப்புறமும் தெற்கே ஒரு லோடுகூடப் போகவில்லை. வடக்கு டம்ப் பக்கத்தில் இருக்கிறது, இடமும் இருக்கிறது, பிறகு ஏன் போகும்? ஆனால் அந்த 'இடம்' பொய்க்கணக்கு. வெட்டுவதற்கு முன் பாறை இருக்கும் கன அளவையே டம்ப்பிலும் கணக்கிட்டிருந்தேன். வெடித்து அள்ளினால் பாறை உப்பும். 1 கன மீட்டர் சுமார் 1.3 ஆகிவிடும். அதைச் சேர்த்ததும் வடக்கு டம்ப் பாதியிலேயே நிரம்பி, மிச்சம் தெற்கே திரும்பியது.

டம்ப்பை ஒரே கட்டியாக வைக்காமல் அடுக்கடுக்காகவும் பிரித்துவிட்டேன். லோடு வண்டி மேலடுக்குக்கு ஏறும் நேரம் இப்போதுதான் கணக்கில் வருகிறது. மழைக்கால வேகம் மட்டும் பாக்கி, கரண்ட் வந்ததும் போட வேண்டும்.