ஆயாவின் நிலைக்கண்ணாடி

குழு: வாலாஜா ஆயா வீடு
செவ்வாய், இரவு 8.40

திவ்யா: சித்தப்பா, வெள்ளிக்கிழமை பந்தக்கால். அதற்குள் கண்ணாடியை ரம்யா அறை கப்போர்டு கதவில் மாட்டியாக வேண்டும். ஆசாரி டபுள் டேப் போதும் என்கிறார்.

மணி சித்தப்பா: போதாது. அளவு?

திவ்யா: 5 அடிக்கு 2 அடி. சட்டம் கழற்றியாகிவிட்டது.

மணி சித்தப்பா: கனம்?

திவ்யா: ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம்

மணி சித்தப்பா: அந்தக் கனம் இல்லை. கண்ணாடி எத்தனை மி.மீ.?

பாபு: சித்தப்பா ரிட்டயர் ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷன் நிற்கவில்லை

திவ்யா: 5

மணி சித்தப்பா: 5 மி.மீ. என்றால் ஒரு சதுர அடி சுமார் 1.16 கிலோ. 10 சதுர அடிக்கு பதினொன்றரை கிலோவுக்கு மேல். கதவுப் பலகையே கிட்டத்தட்ட அதே எடை. அதாவது கதவு ரெட்டிப்பாகிறது. இப்போது 3 கீல்தானே? இன்னும் 2 போடச் சொல். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கதவு தொங்கித் தரையை இழுக்கும். டேப்பை நம்பி விடாதே. நம் ஊர் மே மாத வெயிலில் பசை இளகி வழுக்கும். அடியில் அலுமினியச் சேனல் வை, எடை அதில்தான் உட்கார வேண்டும். மேலே ரெண்டு கிளிப். சிலிகான் பசை பிடித்து வைத்துக்கொள்வதற்கு மட்டும்.

ராஜி அம்மா: சரிங்க

செல்வி அத்தை: எந்தக் கண்ணாடி? வாலாஜா வீட்டு நிலைக்கண்ணாடியா?

பாபு: ஆம்பூரில் மழை

செல்வி அத்தை: மணி, உன்னைத்தான் கேட்கிறேன். பாகம் பிரித்தபோது அது உடைந்துவிட்டது என்று சொன்னாயே?

ரமேஷ் மாமா: பந்தக்கால் எத்தனை மணிக்கு?

ராஜி அம்மா: காலை 6க்கு அண்ணா

மணி சித்தப்பா: அக்கா, கீழ் மூலையில் விரிசல் இருந்தது. அதைத்தான் உடைந்தது என்றேன். 6 அடியை இப்போதுதான் வெட்டி 5 ஆக்கினோம்.

செல்வி அத்தை: விரிசல் விட்டதைக் கல்யாண வீட்டில் மாட்டுவார்களா? அம்மா இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

பாபு: விரிசல்தான் வெட்டுப்பட்டுப் போய்விட்டதே அத்தை

செல்வி அத்தை: நீ பேசாதே. முதலில் கத்திரிக்காய்க்குச் சொன்னாயா?

பாபு: முள்ளுக் கத்திரிக்காய்தானே? இலவம்பாடி ஆளிடம் கேட்டிருக்கிறேன்

ராஜி அம்மா: கேட்டிருக்கிறாயா, சொல்லிவிட்டாயா? 20 கிலோ வேண்டும். அன்றைக்குப் போய் வாடியதை வாங்கி வராதே

ரமேஷ் மாமா: பிரியாணிக்கு அது இல்லாமல் எப்படி

ராஜி அம்மா: பிரியாணி ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணா. பந்தக்காலுக்குச் சைவம்

திவ்யா: சித்தப்பா, சிலிகான் கடையில் எது கேட்டாலும் ஒன்றுதான் என்கிறார்கள்

மணி சித்தப்பா: ஒன்று இல்லை. வினிகர் வாடை அடிப்பது பின்பக்க வெள்ளிப் பூச்சை அரித்துவிடும், கொஞ்ச நாளில் கறுப்புப் புள்ளி வரும். டியூபில் நியூட்ரல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கு. மைக்கா வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்துக் காயவிட வேண்டும். சிலிகானை வட்டமாகவோ அப்பளம் மாதிரியோ அப்பக் கூடாது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, நடுவில் காற்று போக இடம் விட்டு. பின்பக்கம் முழுவதும் முதலில் ஃபிலிம் ஒட்டச் சொல், அது கண்ணாடிக்கடையிலேயே ஒட்டித் தருவார்கள். தவறி உடைந்தாலும் சில்லு சிதறாது. வீட்டில் குட்டிப்பயல் இருக்கிறான்.

பாபு: சித்தப்பா, மூச்சு விடுங்கள்

மணி சித்தப்பா: முக்கியமானது, ஸ்க்ரூ. பலகை முக்கால் இஞ்ச். அரை இஞ்ச் ஸ்க்ரூவுக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் உள்பக்கம் முனை வந்து பட்டுப்புடவை கிழியும்.

ராஜி அம்மா: ஐயோ. திவ்யா, இதை ஆசாரிக்கு ஃபார்வர்டு பண்ணு

மணி சித்தப்பா: கதவைக் கழற்றிப் படுக்க வைத்துத்தான் ஒட்ட வேண்டும். 24 மணி நேரம் அசைக்கக் கூடாது. நாளை ஒட்டினால் வியாழன் ராத்திரி மாட்டலாம்.

திவ்யா: ஆசாரி வியாழக்கிழமைதான் வருவாராம்

மணி சித்தப்பா: அப்படியென்றால் முடியாது.

ராஜி அம்மா: கல்யாணம் முடிந்து மாட்டிக்கொள்ளலாமா? அதுவரை சுவரில் சாய்த்து வைக்கட்டும்

மணி சித்தப்பா: சாய்த்து வைப்பதா? அந்தப் பயல் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆள் நடமாட்டம் இல்லாத அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போடாதீர்கள், தூக்கும்போது வளைந்து விரிசல் விட்டுவிடும்.

செல்வி அத்தை: என் வீட்டில் வைக்கிறேன். காட்பாடியில் இடம் இருக்கிறது.

(10 நிமிடம் யாரும் எழுதவில்லை)

பாபு: அத்தை, வந்தால் திரும்பி வருமா?

செல்வி அத்தை: முதலில் என்னிடம் வரட்டும்.

ரம்யா: கண்ணாடி எனக்குத்தானே, என்னை யாரும் கேட்கவில்லையே

ராஜி அம்மா: நீ போய்த் தூங்கு. மருதாணி கலைந்துவிடும்

மணி சித்தப்பா: அக்கா, நாளை காலையில் போன் செய்கிறேன்.

ரமேஷ் மாமா: பந்தக்கால் எத்தனை மணி?

பாபு: இலவம்பாடி ஆள் போன் எடுக்கவில்லை