புதுப்பிப்பு: மூணாறு படத்தை லயத்திலேயே போட்டுக் காட்டினோம்

2015 மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களின் போராட்டம் பற்றி நாங்கள் மூன்று பேர் எடுக்கும் ஆவணப்படத்தை, விழாவுக்கு அனுப்பும் முன் அந்தப் பெண்களுக்கே காட்டலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "காட்டினால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள்" என்று பலர் எச்சரித்தீர்கள். காட்டிவிட்டோம்.

லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, வாடகை ப்ரொஜெக்டர். பாதியில் மழை, திண்ணைக்கு மாறினோம். 20 சதவீத போனஸ் கிடைத்த காட்சிக்குக் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் தட்டவில்லை. "232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கச் சொன்னோமே, அது எங்கே தம்பி?" என்றார் ஒரு அக்கா. எங்கள் படத்தில் அது ஒரே ஒரு வரி. வெட்கமாகிவிட்டது.

கொழுந்து வெட்டும் காட்சியில் வீணை இசை எதற்கு என்றார் இன்னொருவர். கத்தரிச் சத்தம் கேட்கவில்லையாம். இப்போது அந்தக் 'கிரிச் கிரிச்' மட்டும்தான். (காசு கொடுத்து வாங்கிய இசை, சரி, போகட்டும்.)

வெட்டச் சொன்னது ஒரே இடம்: அழுகிற ஒரு பெண்ணின் முகம். அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டோம்.

கூலிப் பகுதிக்காக அடுத்த வாரம் மறுபடி மலையேறுகிறோம். திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்கு இந்த வருடம் அனுப்பவில்லை.