லெகோவுல பத்துமலை கட்டி கொலுவுல வைக்கணும், அளவு எப்படி எடுக்கிறது?

செந்தூல்_பிரிக்:
எல்லாருக்கும் வணக்கம். எட்டு வருஷமா லெகோ கட்டுறேன், ஆனா எல்லாமே பெட்டியில வர்ற செட்டுதான், 2017ல திரும்ப விட்டாங்களே தாஜ்மஹால், 5923 பீஸ், அது வரைக்கும் கட்டியாச்சு. புக்கு இல்லாம சொந்தமா எதுவும் கட்டினதில்ல. இந்த நவராத்திரிக்கு அம்மாவோட கொலுவுல நம்ம கோலாலம்பூர் பக்கத்து பத்துமலை முருகன் கோயில வைக்கணும்னு ஆசை. செந்தூல்ல கொமியூட்டர் ரயில் ஏறினா கொஞ்ச நேரத்துல பத்துமலை, ஆனா அம்மாவுக்கு முட்டி வலி வந்ததுல இருந்து மேல ஏற முடியல, கீழயே நின்னு கும்பிட்டுட்டு திரும்பிடுறாங்க. அதனாலதான் 272 படியையும் ஒன்னு விடாம கட்டிக் குடுக்கணும்னு ஆரம்பிச்சேன்.

ஒரு படிக்கு ஒரு பிளேட்டுன்னு (தட்டையான லெகோ பீஸ்) வச்சா, பிளேட் 3.2 மில்லிமீட்டர், உயரமே 87 சென்டிமீட்டர் வருது. கொலுவுல எங்க வைக்கிறது? முருகன் சிலைக்கு தங்கக் கலர் பீஸ் தேடினா விலை தலை சுத்துது. பாதியில நிக்குது, யாராவது வழி சொல்லுங்க.

கெப்போங்_ஸ்டட்:
பிரதர், படிய எண்ணி ஆரம்பிக்காதீங்க, சிலையில இருந்து ஆரம்பிங்க. சிலை 42.7 மீட்டர், அத 200ல ஒரு பங்கு ஆக்கினா 21 சென்டிமீட்டர். இப்ப நாலு படிக்கு ஒரு பிளேட் போடுங்க, 68 பிளேட், 21.8 சென்டிமீட்டர் வரும், ரெண்டும் ஒன்னோட ஒன்னு பொருந்தும் பாருங்க. ஆனா ஒரு பிளேட் ஏறி ஒரு ஸ்டட் (பீஸ் மேல இருக்கிற குமிழ்) உள்ள போனா சரிவு 22 டிகிரிதான், பத்துமலை படி மாதிரியே இருக்காது, நேர்ல நிமிர்ந்து பார்த்தா எவ்வளவு செங்குத்தா இருக்கும். ஒரு ஸ்டட்டுக்கு ரெண்டு பிளேட் ஏத்துங்க, 39 டிகிரி கிட்ட வரும், ஆழமும் 34 ஸ்டட், 27 சென்டிமீட்டரோட முடிஞ்சிடும்.

இன்னொன்னு, 2018 ஆகஸ்ட்ல படிக்கெல்லாம் கலர் அடிச்சாங்கல்ல, அது நமக்கு பெரிய வசதி. எட்டு வருஷமா கட்டுறீங்கன்னா பெட்டி அடியில சிகப்பு, மஞ்சள், ஊதா, பச்சைன்னு ஒத்தை ஒத்தையா நிறைய பிளேட் கிடக்கும், எல்லாத்தையும் இங்க போட்டுடலாம். மலைக்குள்ள நல்ல பீஸ அடைக்காதீங்க, பிள்ளைங்களோட பழைய டூப்லோ, அதான் குட்டிப் பிள்ளைங்களுக்கு வர்ற பெரிய சைஸ் லெகோ, இருந்தா அதுதான் உள்ள. டூப்லோ மேல சாதா லெகோவோட உயரமான பிரிக் அப்படியே உட்காரும், பிளேட் நேரா உட்காராது, பாதி வேலை மிச்சம்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
பாறைக்கு புது பீஸ் வாங்கிடாதீங்க. கிலோ கணக்குல விக்கிற பழைய லெகோவ வாங்குங்க. 2004 வாக்குல கம்பெனி சாம்பல் கலர மாத்திட்டாங்க, பழசு கொஞ்சம் பழுப்பா இருக்கும், புதுசு நீலம் கலந்த மாதிரி. கட்டடம் கட்டும்போது ரெண்டும் கலந்துட்டா அசிங்கமா தெரியும், நான் ஒரு தடவ முழு கோட்டையவே பிரிச்சு திரும்ப கட்டினேன். ஆனா சுண்ணாம்புப் பாறை ஒரே கலர்லயா இருக்கு, அதுக்கு இந்த கலப்படம்தான் உயிரே. ரெண்டு சாம்பலோட கொஞ்சம் கறுப்பு சாம்பல், அங்கங்க செடி பீஸ் வச்சுப் பாருங்க. பழசு வாங்கினா வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டு கழுவுங்க, 40 டிகிரிக்கு மேல சூடு போகக்கூடாது, வளைஞ்சிடும், வெயில்லயும் காய வைக்காதீங்க, ஃபேன் காத்து போதும். வெயில் பட்டுட்டே இருந்தா வெள்ளையெல்லாம் மஞ்சளாயிடும்.

தங்கக் கலர் விஷயத்துல நீங்க சொல்றது உண்மைதான். எல்லா வடிவமும் தங்கத்துல வராது, வர்றதும் மங்கலாத்தான் இருக்கும். காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லயே லெகோ கட்டுற ஸ்டூடியோ சாஃப்ட்வேர்ல கட்டிப் பாருங்க, ஃப்ரீதான், எந்த பீஸ் எந்த கலர்ல இல்லன்னு அதுவே காட்டும். முகம்தான் எனக்கு பயம். 21 சென்டிமீட்டர் சிலையில முகம் மூணு சென்டிமீட்டர் கூட வராது, அதுல கண்ணும் சிரிப்பும் எப்படிக் கொண்டு வருவீங்க?

தண்ணீர்மலை அக்கா:
தம்பி, நான் பினாங்குல இருந்து எழுதுறேன், எனக்கு லெகோ பத்தி ஒன்னும் தெரியாது, என் மகன்தான் இத காட்டினான். ஆனா முப்பது வருஷமா கொலு வைக்கிறேன், அதனால சொல்றேன். முருகன பீஸ் பீஸா கட்டாதீங்கப்பா. கொலு முடிஞ்சதும் எப்படியும் பிரிப்பீங்கல்ல, அப்ப சாமியோட தலைய தனியா கைய தனியா கழட்டணும், அம்மா மனசு தாங்காது. அம்மாகிட்ட ஏற்கெனவே முருகன் பொம்மை இருக்கும், இல்லாத வீடு ஏது? அந்த பொம்மைய நிக்க வச்சு அதுக்கேத்த மாதிரி மலையும் படியும் கட்டுங்க. மலைய பிரிச்சா தப்பே இல்ல, நாங்களும் கீழ பார்க்கு, குளம், செட்டியார் கடை எல்லாம் வருஷா வருஷம் பிரிச்சுத்தான் வைக்கிறோம். எங்க தண்ணீர்மலை முருகன் கோயிலும் 500 படிக்கு மேல, எனக்கும் முட்டி வலிதான், அம்மாவ நினைச்சா புரியுது.

செந்தூல்_பிரிக்:
அக்கா, இது எனக்கு தோணவே இல்ல. இப்பதான் அம்மாகிட்ட கேட்டேன், தாத்தா காலத்து பித்தளை முருகன் ஒன்னு இருக்கு, வேலோட, அளந்து பார்த்தேன், 16.5 சென்டிமீட்டர். கெப்போங் பிரதர், இதுக்கு எத்தன பிளேட்?

கெப்போங்_ஸ்டட்:
52 பிளேட் போடுங்க, 16.6 சென்டிமீட்டர். ஒரு ஸ்டட்டுக்கு ரெண்டு பிளேட்டுன்னா 26 ஸ்டட் ஆழம், 20.8 சென்டிமீட்டர், கொலுப்படி ஒரு அடி அகலம் இருந்தா மேலயே வைக்கலாம், முருகன் முன்னால நிக்க இடம் இருக்கும். ஒரு பிளேட் அஞ்சு படிக்கு கொஞ்சம் மேல கணக்கு ஆகும். பித்தளை கனம், அவர் நிக்கிற இடத்துல அடியில பிரிக் பீஸ நெருக்கமா வைங்க, வெறும் பிளேட்டா இருந்தா நடுவுல தொங்கிடும்.

செந்தூல்_பிரிக்:
சரி, இன்னிக்கு ராத்திரியே படிய பிரிச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன். டூப்லோ என் சொந்த அக்கா வீட்டுல ஒரு பக்கெட் இருக்கு, நாளைக்குப் போய் எடுத்துட்டு வரணும். கலர் எந்த வரிசையில வரணும்னு அம்மாவே சொல்றேன்னுட்டாங்க, ஞாயிற்றுக்கிழமை அவங்கள பத்துமலைக்கு கூட்டிட்டுப் போய் கீழ நின்னு ஒவ்வொரு படியா எழுதிக்கப் போறோம்.