ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பதின்வயதினரின் வாழ்க்கைத் தரம் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

பெட்ஸ்கியூஎல் என்று 23 கேள்விகள் கொண்ட வினாத்தாள் உண்டு. போன ஒரு மாதத்தில் எதெது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று பிள்ளைகளையே கேட்கும். நோய்நொடி இல்லாத பிள்ளைகூட 13 வயதில் ஒரு மதிப்பெண்ணும் 16இல் வேறொன்றும் தரலாம். வாழ்க்கை மாறியிருக்கலாம், அல்லது அதை அளக்கும் மனக்கணக்கு மாறியிருக்கலாம். இந்த இரண்டாவதுக்குத்தான் சொல் வேண்டும். 1999இல் ஸ்ப்ராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: அளக்கும் அளவு மாறுவது, எது முக்கியம் என்பது மாறுவது, பொருளே மாறுவது.

என் மகளுக்கு 12 வயதில் சிநேகிதி என்றால் தெருவில் கூட விளையாடுகிறவள். இப்போது 15. ரகசியத்தை வெளியே விடாதவள்தான் சிநேகிதி. அந்தக் கணக்கில் ஒருத்திதான் தேறுகிறாள். சண்டை எதுவும் இல்லை, ஆனால் மற்றவர்களோடு பழகுவது பற்றிய பகுதியில் மதிப்பெண் இறங்கலாம்.

'துலங்கல் பெயர்ச்சி' சரிவருமா? தூண்டல், துலங்கல் என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

———

> துலங்கல் பெயர்ச்சி

ஐயா, துலங்கல் என்றதும் தொட்டாற்சிணுங்கி நினைவுக்கு வருகிறது; பெயர்ச்சி என்றதும் சனி பகவான். அதோடு, நகர்வது பதில் இல்லையே! மரக்காலைப் பெரிதாக்கினால் அதே நெல் குறைவாகத் தெரியும், அதுதானே விஷயம்? 'அளவுகோல் மாற்றம்' போதும்.

———

> அளவுகோல் மாற்றம்

மரக்கால் உவமை அருமை, அம்மா. ஆனால் இப்படி எழுதினால், ஆய்வாளர் நடுவில் வினாத்தாளையே மாற்றிவிட்டார் என்று மாணவர் நினைப்பார். இன்னொரு அன்பர் தனிமடலில் 'உரைகல் மாற்றம்' என்றார். அழகுதான், எனக்கு நாளிதழ் விளம்பரம் மாதிரி ஒலிக்கிறது.

'அக அளவுகோல் மாற்றம்' என்று வைக்கிறேன். கோல் பிள்ளையின் மனதுக்குள் இருப்பது தெரிந்துவிடும். உட்பிரிவுகள்: அளவு மாற்றம், முதன்மை மாற்றம், பொருள் மாற்றம். 'அக' என்பதை ஒட்டி எழுதாதீர்கள், 'அகஅளவு' கண்ணை உறுத்துகிறது.

அப்புறம், பாடத்தின் தலைப்பிலேயே ஒரு சிக்கல். 'வாழ்க்கைத் தரம்' என்பதைப் பார்த்துவிட்டு மகள், "நம்ம வீட்டு வருமானத்தைக் கேக்கிறாங்களா?" என்கிறாள். 'வாழ்நலம்' என்று மாற்றலாமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.