மோவ் நிறத்துக்குப் பெயர் தந்த செடி துத்திதானா?

தையற்கடை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருபது ஆண்டுகளாகத் தையற்கடை நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ஓர் அம்மா கத்தரிப்பூ நிறச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தார். அதற்கு ஒத்த நூலைத் தேடி எடுத்தபோது நூற்கண்டின் அடித்தாளில் ‘மோவ்’ என்று அச்சிட்டிருந்தது. இத்தனை காலம் கையாண்ட அந்தச் சொல்லின் பொருளை அன்றுதான் அகராதியில் பார்த்தேன். அது பிரெஞ்சு மொழியில் ஒரு செடியின் பெயர் என்றும், ஆங்கிலத்தில் அச்செடியை ‘மெல்லோ’ என்பார்கள் என்றும், தமிழில் அது துத்தி என்றும் போட்டிருந்தது.

துத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தின் பின்னால், கால்வாய் ஓரமாக இடுப்பளவுக்கு வளர்ந்து கிடக்கும். மூலத்தால் அவதிப்பட்ட தாத்தாவுக்கு அம்மா அதன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுப்பார். ஆனால் அதன் பூ மஞ்சள் நிறமாயிற்றே? மஞ்சள் பூப்பூக்கும் செடியின் பெயரைக் கத்தரிப்பூ நிறத்துக்கு எப்படி வைத்தார்கள்? மற்ற ஐரோப்பிய மொழிகளில் அச்செடிக்கு என்ன பெயர் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

நாற்றுப்பண்ணை, பீடோர்:

அக்கா, உங்கள் ஐயம் சரியானதே. அகராதி சொல்வது செடியின் பெயரை அன்று, அதன் உறவுக்காரச் செடியின் பெயரை. ஐரோப்பாவின் மெல்லோ ‘மால்வா’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. நம் துத்தி ‘அபுட்டிலான்’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே குடும்பம். வெண்டை, பருத்தி, பூவரசு, 1960இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி ஆகியவையும் அந்தக் குடும்பம்தான்; இன்றைய வகைப்பாட்டின்படி கொக்கோவும் டுரியானும்கூட அதில் சேர்ந்துவிட்டன. அங்கே வழியோரங்களில் தானாக முளைக்கும் மால்வாவின் பூவுக்கு ஐந்து இதழ்கள் உண்டு. இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கருத்த கோடுகள் ஓடும். பிரெஞ்சுக்காரர்கள் நிறத்துக்கு எடுத்துக்கொண்டது அந்தப் பூவை.

இலையைக் கசக்கினால் வெண்டைக்காயைப் போலக் கொழகொழப்பு வரும். துத்தியிலும் அதே கொழகொழப்பு உண்டு. வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்க அங்கும் இங்கும் இலையை வைத்துக் கட்டியதற்கு அதுவே காரணம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

நல்ல கேள்வி அம்மா. நான் சொல் பக்கத்திலிருந்து விடை சொல்கிறேன்.

வேர்ச்சொல் இலத்தீனின் ‘மால்வா’. இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் ஆகிய மூன்றும் அதை எழுத்து மாறாமல் இன்றும் வைத்திருக்கின்றன. பிரெஞ்சில் மட்டும், மெய்யெழுத்துக்கு முன் வரும் லகரம் உகரமாகத் தேய்ந்து, முன்னிருந்த அகரத்தோடு கலந்து, நாளடைவில் ஓகார ஒலியாகிவிட்டது. வெண்மையைக் குறித்த ‘அல்பா’ பிரெஞ்சில் விடியலைக் குறிக்கும் ‘ஓப்’ ஆனதும் இதே வழியில்தான். நம் ‘பெயர்’ பேச்சில் ‘பேர்’ ஆனதைப் போல, இதுவும் வாய் போன போக்கில் நேர்ந்த பிழையன்று, ஒழுங்கான மாற்றம். ருமேனியத்தில் ‘நல்பா’ என்பார்கள். முதல் மகரம் னகர ஒலியாகி, வகரம் பகர ஒலியாகிவிட்டது.

ஆங்கிலச் சொல்லை நான் மிகவும் விரும்புகிறேன். பழைய ஆங்கிலத்தில் அது ‘மெயல்வெ’. அதன் வகரம் உதடுகளைக் குவித்துச் சொல்லும் வகரம். இலத்தீன் வகரமும் முற்காலத்தில் அப்படித்தான் ஒலித்தது. இலத்தீனில் அந்த ஒலி மாறிய பிறகும் பழைய உச்சரிப்பின் சுவடு ஆங்கிலச் சொல்லில் தங்கிவிட்டது. ஜெர்மானியர் ‘மால்வெ’ என்பதைப் பல நூற்றாண்டுகள் கழித்தே கடன் வாங்கினார்கள். கிரேக்கத்தில் ‘மலாக்கே’. அந்தச் செடியின் இலைப் பச்சையை ஒத்த கல்லுக்குத்தான் ‘மாலக்கைட்’ என்று பெயர் வந்தது. ஆக, ஒரே குடும்பச் சொல் கிரேக்கத்தில் இலையைக் கண்டு பச்சைக்கும், பிரெஞ்சில் பூவைக் கண்டு ஊதாவுக்கும் போயிருக்கிறது.

உங்கள் நூற்கண்டுக்கு வருவோம். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து வரவில்லை, துணியில் ஏறினால் எளிதில் போகாத ஊதாச் சாயம் வந்தது. மோவ் என்ற சொல் நிறப்பெயராக உலகமெங்கும் பரவியது அந்தச் சாயத்தால்தான். மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்கு நம் முன்னோர் விழுங்கிய அதே கொய்னாவைத் தேடிப் போனவர் கையில் உங்கள் நூலின் நிறம் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தெலுக் இந்தானிலிருந்து:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் மூன்று ஆண்டுகள் ரோட்டர்டாமில் வேலை பார்த்தேன். அங்கே இந்தச் செடிக்கு ‘காஸ்யெஸ்க்ராய்ட்’ என்று பெயர். சின்னப் பாலாடைக்கட்டிச் செடி என்பது பொருள். பூ உதிர்ந்தபின் வரும் காய், பட்டாணி அளவில் தட்டையாக, வட்டமாக, சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் பாலாடைக்கட்டி வட்டுகளின் குட்டியைப் போலவே இருக்கும். டென்மார்க்கிலும் சுவீடனிலும் ‘பூனைப் பாலாடைக்கட்டி’ என்கிறார்கள். ஜெர்மனியின் நாட்டுப்பெயரான ‘கேசெபப்பெல்’ என்பதிலும் பாலாடைக்கட்டி உண்டு. கிழக்கே போனால் அந்தக் காய் ரொட்டியாகிவிடுகிறது. ரஷ்ய மொழியில் ‘ப்ரஸ்வீர்னிக்’ என்பது தேவாலயத்தில் படைக்கும் சிறிய வட்ட ரொட்டியை வைத்து வந்த பெயர். உக்ரைனியர் சொல்லும் ‘கலாச்சிக்கி’யும் சின்ன ரொட்டி என்றே பொருள்படும். இலத்தீனிலிருந்து வந்த பெயரைவிட இந்த நாட்டுப்பெயர்களே செடியை உண்மையில் பார்த்தவர்களின் பெயர்கள் என்பது என் கருத்து.

கடைகளில் விற்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயும் இதன் உறவுதான். சதுப்பு நிலத்தில் வளரும் மெல்லோ என்பது பெயரின் பொருள். முற்காலத்தில் அதன் வேரின் பசையில்தான் மிட்டாய் செய்தார்கள். இப்போது விற்பதில் அந்த வேர் இல்லை, ஜெலட்டின்தான் இருக்கிறது.

தையற்கடை, சுங்கை சிப்புட்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தெலுக் இந்தான் தம்பி எழுதியதைப் படித்தவுடன் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அம்மா அந்தச் செடியை வெறும் துத்தி என்று சொன்னதில்லை. ‘பணியாரத் துத்தி’ என்றுதான் சொல்வார். ஏன் அந்தப் பெயர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று காலை கடை திறக்கும் முன் பழைய லயத்துப் பக்கம் போய் ஒரு காயைப் பறித்துப் பார்த்தேன். மேலே தட்டையாக, ஓரத்தில் பல் பல்லாகப் பிளந்து, நடுவில் குழிந்து, சின்னஞ்சிறு பணியாரத்தைப் போலவே இருந்தது. நகத்தால் பிரித்தேன், ஒவ்வொரு பிளவிலும் கறுத்த விதைகள். டச்சுக்காரர் பாலாடைக்கட்டியையும் ரஷ்யர் தேவாலய ரொட்டியையும் கண்ட அதே வட்டத்தில் எங்கள் அம்மா பணியாரத்தைக் கண்டிருக்கிறார்.

அந்த ரவிக்கையை நேற்றே தைத்து முடித்துவிட்டேன். நூல் நிறம் சேலையோடு சரியாகப் பொருந்தியது.