சன்னலை இறக்கிவிட்டால் போதுமா? காருக்குள் சிகரெட்: ஒரு விவாதம்

கியர்பாக்ஸ்:
18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் காரில் இருக்கும்போது சிகரெட் பிடித்தால் அபராதம் என்று 2015 அக்டோபரில் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. எல்லா நாட்டிலும் இது வேண்டும் என்கிறார் நிலவேம்பு. எனக்கு உடன்பாடில்லை. கார் என் காசில் வாங்கியது. இன்றைக்கு கார் என்றால் நாளைக்கு வீட்டுக்குள்ளேயும் எட்டிப்பார்ப்பார்கள். சன்னலை இறக்கிவிட்டுத்தான் பிடிக்கிறேன், புகை வெளியே போய்விடுகிறது. இதில் சட்டத்துக்கு என்ன வேலை?

நிலவேம்பு:
அண்ணே, ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுகிறவர் சிகரெட்டைச் சன்னல் விளிம்பில் பிடித்திருப்பார். நுனிப் புகையில் கொஞ்சம் வெளியே போகும், மிச்சம் காற்றோடு உள்ளே திரும்பி நேராகப் பின்சீட்டுக்கு வரும். சிக்னலில் நின்றால் அந்தக் காற்றும் இல்லை. நீங்கள் இழுப்பதாவது ஃபில்டர் வழியாக வருகிறது. பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் நுனியில் தானாகக் கனன்று வரும் புகை. குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிவதால் அதில் பல நச்சுகள் கூடுதல்.

நீங்கள் சொன்ன சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சன்னல் திறந்திருந்தாலும் ஏசி ஓடினாலும் குற்றம்தான். கூரையை முழுக்க மடக்கிவிட்ட காருக்கு மட்டும்தான் விலக்கு.

ஓரத்துக்குறிப்பு:
நான் புகைப்பதில்லை, ஆனாலும் கியர்பாக்ஸ் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. புகை மண்டிய மதுக்கூடத்தைவிடக் காருக்குள் 23 மடங்கு நச்சு என்று 2011-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அறிவித்தது. கேள்வி எழுந்ததும் 11 மடங்கு வரை என்று திருத்திக்கொண்டது. பயமுறுத்தவே எண்களை ஊதிவிட்டால் எதைத்தான் நம்புவது?

நிலவேம்பு:
திருத்தியது நல்லதுதானே. சரி, 11 என்றே வையுங்கள். மதுக்கூடமே பிள்ளை போகிற இடமில்லை, அதைவிட 11 மடங்கா? பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை சொல்லிவிட்டது. ஆஸ்துமா, காதுத் தொற்று, கைக்குழந்தைகளின் திடீர் மரணம் எல்லாம் அதிலேயே வருகிறது. பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள், நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். தான் புகைக்காமலே அடுத்தவர் புகையால் வருடத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு.

கியர்பாக்ஸ்:
ரோட்டில் லாரி கக்கும் புகையை விட்டுவிட்டு என் ஒரு சிகரெட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பின்சீட்டுக்காரி:
லாரிப் புகை வந்தால் கண்ணாடியை ஏற்றலாம். உள்ளேயே புகைந்தால் எங்கே போவது? எனக்கு ஆஸ்துமா. சின்ன வயதில் பின்சீட்டில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். பெரியவர்களிடம் ‘அணைத்துவிடுங்கள்’ என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

சிகரெட்டை அணைத்ததோடும் முடியவில்லை. புகைப்பவரின் காரில் முன்கண்ணாடியை உள்பக்கமாக ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். சீட் துணி, மேற்கூரை, ஏசி குழாய் எல்லாவற்றிலும் நிகோடின் படிகிறது. அது காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுகிறது. வாசனை டப்பா தொங்கவிட்டால் நாற்றம்தான் மறைகிறது.

ஓரத்துக்குறிப்பு:
அதை மறுக்கவில்லை. ஓடுகிற காருக்குள் யார் பிடிக்கிறார்கள், பின்னால் இருக்கும் பையனுக்கு 17-ஆ 18-ஆ என்று போலீஸ் எப்படிப் பார்க்கும்? அமல்படுத்த முடியாத சட்டத்தைவிட பள்ளியிலும் மருத்துவமனையிலும் எடுத்துச் சொல்வது மேல்.

நிலவேம்பு:
பிள்ளைக்கு பெல்ட் போடு என்ற சட்டத்துக்கும் ஆரம்பத்தில் இதே பேச்சுதான். எல்லோரையும் போலீஸ் பிடித்ததாலா இன்று போடுகிறோம்? இன்னொன்றையும் கவனியுங்கள். தனியாகச் சொந்தக் காரை ஓட்டும்போது பிடித்தால் அந்தச் சட்டம் உங்களைத் தொடுவதே இல்லை. உங்கள் உரிமை எங்கே பறிபோனது?

கியர்பாக்ஸ்:
பிள்ளைகள் இருந்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பிடிக்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அதை நானாகச் செய்ய வேண்டும், அபராத ரசீதைக் காட்டிச் செய்ய வைக்கக் கூடாது.

பின்சீட்டுக்காரி:
இறங்கியதும் அடுத்த நொடியே ஏறிவிடாதீர்கள். கடைசி இழுப்பை உள்ளே வந்துதான் ஊதுவீர்கள்.